கன அடியிலிருந்து கன மீட்டர் வரை: நம் பக்கத்துக் கான்கிரீட் கணக்கின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டப்போகிறவர்களும், கட்டி முடித்துக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுக்காகப் படிக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், படப்பை என்று நம் சுற்றுவட்டாரத்தில் ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலரும் இப்போது சொந்த வீடு கட்டுகிறீர்கள். சிலர் வாடகைக்கு விட அறைகள் கட்டுகிறீர்கள். உங்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஃபுட்டிங்குக்கு இத்தனை மூட்டை, தளத்துக்கு இத்தனை மூட்டை என்று மேஸ்திரி சொல்கிறார். சரியா?"

ஏழாம் வகுப்பில் படித்த கன அளவு தெரிந்தால் இதற்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். ஆனால் மேஸ்திரி அடியில் பேசுகிறார், என்ஜினியர் மீட்டரில் பேசுகிறார், ஜல்லிக்காரர் யூனிட்டில் பேசுகிறார், கலவை லாரிக்காரர் கன மீட்டரில் ரசீது தருகிறார். நடுவில் வீட்டுக்காரர் திகைத்து நிற்கிறார். இந்தக் குழப்பம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு காலத்தில் நம் ஊருக்குள் வந்து, போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் கணக்கு தானாக விளங்கும்.

மண் வெட்டிய கணக்கு

நம்முடையது ஏரி நாடு. செம்பரம்பாக்கம், மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலைப் படித்திருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டின் அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே வருகிறது. ஏரி இருந்தால் தூர் வார வேண்டும், கரை போட வேண்டும். வெட்டிய மண்ணை அளந்தால்தான் கூலி கொடுக்க முடியும். நீளம், அகலம், ஆழம் என்று மூன்றையும் பெருக்குவது நம் ஊருக்கு இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த வித்தை இல்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் நிலம், நெல், பொன் எல்லாவற்றையும் அளக்க வழி இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பையன் அதையெல்லாம் வாயாலேயே போடுவான்.

மண் வேலையில் ஓர் அழகான வழக்கம் உண்டு. குழி வெட்டும்போது நடுவில் ஒரு சிறு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். கூலிக்கு அளவெடுக்கும்போது அந்தத் திட்டின் உயரம்தான் ஆழத்துக்குச் சாட்சி. அளந்து முடித்த பிறகே அதை வெட்டி எடுப்பார்கள். வெட்டியவரும் ஏமாற்ற முடியாது, கூலி தருபவரும் ஏமாற்ற முடியாது. இந்தச் "சாட்சி" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழியின் சுவர் நேராக இருந்தால் பெருக்கல் எளிது. சரிவாக இருந்தால்? மேலே அகலம், கீழே குறுகல். இந்தக் கேள்விக்கு கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தம் பிராம்மஸ்புடசித்தாந்தத்தில் விடை சொல்லிவிட்டார். அவர் முறையில் மூன்று படிகள்:

முதல் படி: மேல் அளவையும் கீழ் அளவையும் கூட்டிப் பாதியாக்கு. அதன் வர்க்கத்தை ஆழத்தால் பெருக்கு. இது நடைமுறைக் கணக்கு. உண்மையைவிடக் கொஞ்சம் குறையும்.

இரண்டாம் படி: மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்கு. இது உண்மையைவிடக் கொஞ்சம் கூடும்.

மூன்றாம் படி: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் விடையோடு கூட்டு. அதுதான் சரியான கன அளவு.

1,400 ஆண்டுகளுக்கு முன் குழிக்காகச் சொன்ன இந்தக் கணக்கு உங்கள் வீட்டு ஃபுட்டிங்குக்கு அப்படியே பொருந்தும். சரிவுள்ள ஃபுட்டிங் என்பது அந்தக் குழியைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம்தானே!

போட்டுப் பார்ப்போம். அடியில் 5 அடிக்கு 5 அடி. முதல் 9 அங்குலம் நேராக எழும்புகிறது. அடுத்த 9 அங்குலம் சரிந்து மேலே 2 அடிக்கு 2 அடியில் முடிகிறது.

நேரான பகுதி: 5 × 5 × 0.75 = 18.75 கன அடி.

சரிவான பகுதி, முதல் படி: (5 + 2) ÷ 2 = 3.5. அதன் வர்க்கம் 12.25. 0.75 ஆல் பெருக்கினால் 9.1875.

இரண்டாம் படி: (25 + 4) ÷ 2 = 14.5. 0.75 ஆல் பெருக்கினால் 10.875.

மூன்றாம் படி: வித்தியாசம் 1.6875. அதில் மூன்றில் ஒரு பங்கு 0.5625. ஆக 9.1875 + 0.5625 = 9.75 கன அடி.

மொத்தம் ஒரு ஃபுட்டிங்குக்கு 28.5 கன அடி. ஒன்பது தூண் வைத்த வீட்டுக்கு 256.5 கன அடி.

இப்போது கவனியுங்கள். "5க்கு 5, உயரம் ஒன்றரை அடி" என்று பெட்டி மாதிரி பெருக்கிவிட்டால் ஒரு ஃபுட்டிங்குக்கு 37.5 கன அடி வரும். ஒன்பதுக்கு 337.5. வித்தியாசம் 81 கன அடி! இன்றைய கலவை விகிதத்தில் இது சுமார் 18 மூட்டை சிமெண்ட். கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் கூலியிலும் அதே வித்தியாசம் வரும். கணக்கில் ஒரே ஒரு சரிவைக் கவனிக்காததற்கு இத்தனை விலை.

சுண்ணாம்புக் காலம்

சிமெண்ட் வருவதற்கு முன் நம் பக்கத்தில் கான்கிரீட்டே இல்லை என்று நினைக்காதீர்கள். செங்கல்லை உடைத்த ஜல்லியோடு சுண்ணாம்பு சேர்த்ததுதான் அன்றைய கான்கிரீட். அஸ்திவாரத்துக்கும் அதுதான், மாடித் தளத்துக்கும் அதுதான். "மெட்ராஸ் டெரஸ்" என்று உலகமே பெயர் சொன்ன தளம் நம்முடையது. தேக்கு மர உத்தரங்கள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்திக் கட்டிய மெல்லிய செங்கற்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பழைய ஊர்ப்பள்ளிகளிலும் பெரிய வீடுகளிலும் இந்தத் தளத்தை நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காலத்தில் தளத்தை "சதுரம்" கணக்கில் பேசினார்கள். ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. தடிமன் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பரப்பளவு போதுமானதாக இருந்தது. இன்றும் "சதுரத்துக்கு என்ன ரேட்?" என்று கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தின் மிச்சம் அது. ஆனால் இன்றைய கான்கிரீட் தளம் நாலரை அங்குலமா, ஐந்தா, ஆறா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சதுரக் கணக்கு தடிமனைச் சொல்லாது. பழைய அளவைப் புதிய பொருளுக்குப் பயன்படுத்தும்போது மூன்றாவது அளவு மறைந்துபோகிறது.

பீப்பாயும் மூட்டையும்

1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலில் பீப்பாய் பீப்பாயாகச் சென்னைக்கு வந்து இறங்கிய சரக்கு அது. இந்தியாவிலேயே முதல்முறையாகச் சிமெண்ட் தயாரிக்க முயன்ற ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான். 1904-ல் சென்னையில் ஒரு சிறிய ஆலை அதை முயன்றது, நெடுநாள் நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. பிறகு நம் மாநிலத்தில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என்று ஆலைகள் வரிசையாக வந்தன.

பீப்பாய் போய் மூட்டை வந்தது. அன்று மூட்டையின் எடை ஒரு அந்தர், அதாவது 112 பவுண்டு. ஒரு கன அடி சிமெண்ட் 90 பவுண்டு என்று கணக்கு வைத்தார்கள். 112-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால். வயதான கொத்தனார்கள் "மூட்டைக்கு ஒன்றேகால் கன அடி" என்று சொல்வது இதைத்தான். இன்று மூட்டை 50 கிலோ, கன மீட்டருக்கு 1,440 கிலோ என்று வைக்கிறோம். வகுத்தால் சுமார் 35 லிட்டர். அளவின் பெயர் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை.

இந்த 35 லிட்டரை நினைவில் வையுங்கள். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு பெட்டி செய்தால் சரியாக 35 லிட்டர். மணலும் ஜல்லியும் அந்தப் பெட்டியால் அளந்தால் ஒரு மூட்டைக்கு எத்தனை பெட்டி என்று குழப்பமே வராது. ஆனால் பெரும்பாலான இடங்களில் சட்டியால்தான் போடுகிறார்கள். ஒருவர் கோபுரமாக அள்ளுவார், ஒருவர் தலை வழித்து அள்ளுவார். காலையில் நிரம்பிய சட்டி மாலையில் நிரம்பாது. பாரம் சுமப்பவர் மனிதர்தானே, அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டி வாங்கித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு.

பர்மிட் காலம்

என் வயதுக்காரர்களுக்கு மறக்க முடியாத சொல் "சிமெண்ட் பர்மிட்". விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்ட வேண்டுமென்றால் வரைபடமும் மதிப்பீடும் வைத்து விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கல்யாணப் பத்திரிகையைவிட பர்மிட் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 1982 பிப்ரவரி இறுதியில் கட்டுப்பாடு பாதி விலகியது. உற்பத்தியில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி திறந்த சந்தைக்கு என்று ஆனது. 1989 மார்ச் 1 முதல் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது.

அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சிமெண்ட் கிடைக்காத காலத்தில் மூட்டையை எண்ணி எண்ணித்தான் செலவு செய்தார்கள். சாதாரண வீட்டுக்காரருக்கும் "நூறு கன அடிக்குப் பதினெட்டு மூட்டை" என்ற வாய்பாடு தெரிந்திருந்தது. தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்த வாய்பாடு மறந்துபோனது. இப்போது கடைக்காரர் அனுப்புகிறார், மேஸ்திரி இறக்குகிறார், வீட்டுக்காரர் பணம் அனுப்புகிறார். எண்ணுவதற்கு ஆளில்லை.

அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? இதுதான் இன்றைய பாடத்தின் நடுப்பகுதி.

ஒரு படி கடலையும் ஒரு படி கடுகும்

வகுப்பில் நான் கேட்கும் பழைய கேள்வி. ஒரு படி கொண்டைக்கடலையையும் ஒரு படி கடுகையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டு படி வருமா? வராது. கடலைகளின் இடுக்குகளில் கடுகு புகுந்துகொள்ளும். கான்கிரீட்டிலும் அதுதான் நடக்கிறது. ஜல்லியின் இடுக்கில் மணல், மணலின் இடுக்கில் சிமெண்ட். அதனால் 1 கன மீட்டர் கெட்டியான கான்கிரீட் வேண்டுமென்றால் உலர்ந்த பொருள்களைத் தனித்தனியே அளந்து சுமார் 1.54 கன மீட்டர் போட வேண்டும். இது அனுபவத்தில் வந்த எண். 1.52 என்பாரும் உண்டு, 1.57 என்பாரும் உண்டு.

பழைய விகிதம் 1:2:4. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. மொத்தம் ஏழு பங்கு. 1.54-ஐ ஏழால் வகுத்தால் 0.22 கன மீட்டர் சிமெண்ட். 1,440-ஆல் பெருக்கினால் சுமார் 317 கிலோ. அதாவது கன மீட்டருக்கு ஆறேகால் மூட்டைக்குச் சற்று அதிகம். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். பெருக்கினால் பதினெட்டு மூட்டை. தாத்தா சொன்ன வாய்பாடு சரிதான்!

ஆனால் இன்று அது போதாது. ஏன்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. முதலில் 1953-ல் வந்தது, பலமுறை திருத்தப்பட்டது. 1978 பதிப்பின்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 தரம் போதும். அதன் விகிதம்தான் 1:2:4. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சம் எம்-20 வேண்டும் என்று உயர்த்தியது. அதன் விகிதம் 1:1½:3. மொத்தம் ஐந்தரைப் பங்கு. 1.54-ஐ 5.5-ஆல் வகுத்தால் 0.28. சிமெண்ட் 403 கிலோ. கன மீட்டருக்கு எட்டு மூட்டை. நூறு கன அடிக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று.

"அந்தக் காலத்தில் பதினெட்டு போட்டோம், இப்போது இருபத்து மூன்று கேட்கிறார்களே, கொள்ளையா?" என்று பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். கொள்ளை இல்லை பெரியப்பா, விதி மாறியிருக்கிறது. அதேபோல "பதினெட்டிலேயே முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள் தம்பிகளே. உங்கள் வீட்டை 1978 விதிக்குக் கட்டுகிறார் என்று பொருள்.

இப்போது நம் ஒன்பது ஃபுட்டிங்குக்கு வருவோம். 256.5 கன அடி என்பது 7.26 கன மீட்டர். சிமெண்ட் 59 மூட்டை. மணல் சுமார் 108 கன அடி. ஜல்லி சுமார் 215 கன அடி. பெட்டிக் கணக்கில் போட்டிருந்தால் சிமெண்ட் 77 மூட்டை என்று வந்திருக்கும்.

தளம்: 30 அடிக்கு 20 அடி, தடிமன் 5 அங்குலம். 600 × 5 ÷ 12 = 250 கன அடி, அதாவது 7.08 கன மீட்டர். சிமெண்ட் 57 மூட்டை. பீம் இருந்தால் தளத்துக்குக் கீழே தொங்கும் உயரத்தை மட்டும் தனியாகச் சேருங்கள். முழு உயரத்தையும் போட்டால் தளத் தடிமனை இருமுறை எண்ணியதாகும். கம்பி அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாம், அரசு அளவை விதிகளிலும் கழிப்பதில்லை.

அரை அங்குலத்தின் விலை என்ன என்று பாருங்கள். அதே தளம் நாலரை அங்குலம் என்றால் 225 கன அடிதான். வித்தியாசம் 25 கன அடி, ஆறு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. சென்ட்ரிங் பலகை அரை அங்குலம் தொய்ந்தால் ஆறு மூட்டை கூடுதலாகப் போகும். யாராவது அரை அங்குலம் குறைத்தால் ஆறு மூட்டை மிச்சமாகும், உங்கள் தளம் மெலியும். ஏரி மண் வெட்டியவர்களின் "சாட்சி" இங்கேதான் தேவை. கான்கிரீட் போடும் முன் சென்ட்ரிங் மேல் தடிமன் அளவுக்குக் குறி வைக்கச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பியைக் குத்தி நாலைந்து இடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். இறுகிய பிறகு அளப்பது கடினம்.

யூனிட், கல், மணல்

1956-ல் எடை அளவைத் தரச் சட்டம் வந்தது. 1957-ல் நயா பைசா வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மீட்டரும் கிலோவும் நடைமுறைக்கு வந்தன. பள்ளிக்கூடம் மாறியது, அரசு அலுவலகம் மாறியது, பொதுப்பணித் துறையின் எம்-புக் மாறியது. ஆனால் லாரி மாறவில்லை. இன்றும் ஜல்லியும் மணலும் யூனிட்டில்தான். ஒரு யூனிட் 100 கன அடி. லாரிப் பெட்டியின் நீளம், அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். அவ்வளவுதான். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். தங்கக் கடையில் தராசைப் பார்க்கிறோமே!

நம் வீடுகளில் இருக்கும் கருங்கல் ஜல்லிக்கு ஓர் உலகப் பெருமை உண்டு. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளின் அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1890களில் அதற்கு "சார்னோகைட்" என்று பெயர் வைத்தார். கல்கத்தாவின் ஜாப் சார்னாக்குடைய கல்லறைக்கல் இதே வகைக் கல் என்பதால் அந்தப் பெயர். உலகத்தில் எங்கே இந்தக் கல் கிடைத்தாலும் இன்று அந்தப் பெயர்தான்.

மணலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈரமணல் உப்பும். தண்ணீர்ப் படலம் மணிகளைப் பிரித்து வைப்பதால் கன அளவு கால் பங்குவரை கூடிவிடலாம். அதாவது ஈரமாக வந்த ஒரு யூனிட்டில் உண்மையான மணல் ஒரு யூனிட் இல்லை. சோதிப்பது எளிது. கண்ணாடி டம்ளரில் மணலை நிரப்பி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி முழுக நனைத்துக் குச்சியால் கிளறிவிடுங்கள். மணல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் உப்பல். பாலாற்று மணல் தாராளமாக வந்த காலம் போய்விட்டது. 2003-ல் மணல் குவாரிகளை அரசே ஏற்றது. இப்போது பெரும்பாலும் கல்லை அரைத்த எம்-சாண்ட்தான். விலை ஏற ஏற இந்த டம்ளர் சோதனையின் மதிப்பும் ஏறுகிறது.

ஆலைகள் வந்தன, சுழலும் லாரிகள் வந்தன

1971-ல் சிப்காட் தொடங்கியபோது நம் ஊர் மானாவாரியும் ஏரிப்பாசனமும்தான். 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ ஓடி வந்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பிறகு டைம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்ட் என்று வரிசை. ஓர் ஆலையின் தரை மட்டுமே பல ஏக்கர். அதைச் சட்டியில் சுமந்து போட முடியுமா? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கபெருமாள்கோவில் சாலையிலும் வயிறு சுழலும் லாரிகள் ஓட ஆரம்பித்தன. அதுதான் ரெடிமிக்ஸ். 1903-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மாகென்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இந்தியாவில் 1990களில்தான் பரவியது. முதலில் ஆலைக்கு வந்தது, இப்போது நம் தெருமுனைக்கே வருகிறது.

ரெடிமிக்ஸில் மூட்டையே கண்ணில் படாது, எல்லாம் கன மீட்டர். ஆலையில் எடை போட்டு வடிவமைத்த கலவை என்பதால் சிமெண்ட் அளவு நம் எட்டு மூட்டைக் கணக்கைவிடக் குறைவாக இருக்கலாம், அது தவறில்லை. ஆனால் எத்தனை கன மீட்டர் வந்தது என்று எப்படித் தெரியும்? எடை மேடை. புதிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. ஆறு கன மீட்டர் லாரியில் சரக்கின் எடை 14.4 டன் வர வேண்டும். நிறைந்த லாரி, காலி லாரி இரண்டையும் எடை போட்டால் விடை கையில்.

குறைவாகச் சொல்லி வரவழைப்பதும் ஆபத்துதான். நம் தளத்துக்கு 7.08 கன மீட்டர், சிந்தல் சிதறலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 7.43. "ஏழு போதும்" என்று சொல்லிவிட்டு மூலையில் பத்தாமல் போனால், அடுத்த லாரி வருவதற்குள் முன்பு போட்டது இறுக ஆரம்பித்துவிடும். பழையதும் புதியதும் ஒட்டாமல் நடுவே ஒரு கோடு விழும். மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். ஏழரையாகச் சொல்லுங்கள். அதேபோல கலவை ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது விதி. ஒரகடம் சந்திப்பு நெரிசலில் நின்ற லாரியின் ரசீதில் நேரத்தைப் பாருங்கள்.

அளவு சரி, தண்ணீர்?

1918-ல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான சோதனைகளுக்குப் பிறகு ஓர் உண்மையைச் சொன்னார். சிமெண்டோடு ஒப்பிடும்போது தண்ணீர் கூடக்கூட கான்கிரீட்டின் பலம் குறையும். எம்-20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்கிறது நம் விதி. பரப்புவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு குடம் ஊற்றினால், நீங்கள் எண்ணி எண்ணி இறக்கிய மூட்டைகளின் பலன் அந்தக் குடத்தோடு போகும். ரெடிமிக்ஸ் லாரியில் கடைசி நேரத்தில் தண்ணீர் சேர்ப்பதும் அப்படியே.

2014 ஜூன் 28 மாலையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்து மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாநிலத்தின் பிற ஊர்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதலில் இடி விழுந்தது என்றெல்லாம் பேசினார்கள். மழையும் இடியும் நம் ஊருக்குப் புதிதல்ல. காகிதத்தில் போட வேண்டிய கணக்கு சரியாக இருந்தால் கட்டடம் மழையில் விழாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூட்டைக் கணக்கு தெரிந்துவிட்டது என்பதற்காக ஃபுட்டிங் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. நம் ஸ்ரீபெரும்புதூர் மண் ஓர் இடத்தில் செம்மண், பக்கத்து மனையிலேயே களிமண். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். எதிர்வீட்டு ஃபுட்டிங் அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அளவை முடிவு செய்வது மண்ணைப் பார்த்த கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அவர் வரைந்த அளவுக்கு எவ்வளவு பொருள் வேண்டும், அது முழுவதும் உள்ளே போனதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

இந்த வரலாற்றில் நான் கவனித்தது ஒன்று. சதுரம் கன அடியானபோதும், கன அடி மூட்டையானபோதும், மூட்டை லாரியானபோதும், புதிய அளவை முதலில் கற்றுக்கொண்டவர் விற்பவராக இருந்தார். வாங்குபவர் பழைய அளவிலேயே நினைத்துக்கொண்டிருந்தார். இடையில் இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில்தான் பணம் கை மாறியது. பெரும்பாலான மேஸ்திரிகள் நேர்மையானவர்கள். கணக்குத் தெரிந்த வீட்டுக்காரரிடம் வேலை செய்வது அவர்களுக்கும் நிம்மதி, சந்தேகமும் சண்டையும் இருக்காது. இருபது வருடக் கடனை வாங்கி மண்ணில் கொட்டுகிறீர்கள் பிள்ளைகளே. ஒரு நோட்டும் ஓர் அளவு நாடாவும் வாங்க நூறு இருநூறு ரூபாய் போதும். வீட்டுப் பெண்களிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். எத்தனையோ வீடுகளில் மூட்டை எண்ணிக்கையைச் சரியாக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

சரி, வீட்டுப்பாடம் இல்லாமல் விட்டால் நான் வாத்தியாரா? ஒரு ஃபுட்டிங் அடியில் 4 அடிக்கு 4 அடி. முதல் 9 அங்குலம் நேர். அடுத்த 1 அடி சரிந்து மேலே 1 அடிக்கு 1 அடி. இப்படி ஆறு ஃபுட்டிங். எம்-20 கலவைக்கு எத்தனை மூட்டை? பிரம்மகுப்தர் வழியில் போட்டுக் கீழே எழுதுங்கள். விடை மட்டும் போதாது, படிகள் வேண்டும். படிகளுக்குத்தான் மதிப்பெண் என்பது உங்களுக்குத் தெரியுமே.

வீடு கட்டும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்